கபிரியேல் லிப்மன்

தாமரை இலைமேல் நீர்த்துளி முத்தென உருளும் காட்சியை நாம் கண்டு மகிழ்கிறோம். துளியை அவ்வாறு திரட்டி வைப்பது அதன் மேற்பரப்பில் அமைந்த இழுவிசையாகும். மின்சாரத்திற்கும் அவ்விசைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, அதனை அளந்து காட்டிய பேரறிஞர் கபிரியேல் லிப்மன் ஆவார்.

லிப்மன் 1845-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் லக்சம்பர்க்கு நாட்டில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிரெஞ்சு மக்கள். அவர் இளமையிலேயே குடும்பத்தினருடன் பாரிசு நகரம் சேர்ந்தார். கல்வியில் அவர் புகழ்பெற்ற மாணவர் அல்லர். தம் உள்ளத்திற்கு உவந்த பாடங்களையே ஊன்றிக் கற்றார், ஏனையவற்றைப் புறக்கணித்தார். அதனால், ஆசிரியர் பணிக்குரிய தேர்வில் தோல்வியுற்றார். எனினும் அவர் உளந்தளரவில்லை. அறிவியல் ஆராய்ச்சியை மேற்கொண்டு ஜெர்மனி நாட்டிற்குச் சென்றார்.

ஆங்கு ஐடெல்பர்க்கு நகரில் உடலியல் அறிஞர் கூனே என்பார் அவருக்கு ஒரு புதுமையைக் காட்டினார். நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு பாதரசத் துளி கிடந்தது. இரும்புக் கம்பியால் தொட்டவுடன் அது சுருங்கிக் குவிந்தது. கம்பியை எடுத்தவுடன் முன்போலப் பரந்தது. இதனை வெறும் வேடிக்கையாகக் கருதி விட்டுவிட லிப்மனின் மனம் இசையவில்லை. கம்பி படுங்கால் பாதரசத்திற்கும் அமிலத்திற்கும் இடையேயுள்ள மின்னிலை மாறுகின்றது. அது மாறவே இழுவிசையும் மாறுகின்றது. இழுவிசை மிகுந்தால் துளி குவிகின்றது, குறைந்தால் பரவுகின்றது. இவ்வுண்மையை அவர் தெளிந்தார்.

அதன் பயனாக, நுண்ணிய கண்ணாடிக் குழலில் பாதரசத்தை நிரப்பி ஒரு மின்மானியை அமைத்தார். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினும் குழலிலுள்ள பாதரசம் அசைந்து அதனைப் புலப்படுத்தும். 1887-ஆம் ஆண்டு இலண்டனில் வாலர் என்னும் அறிஞர், மனித இதயத்தில் எழும் மின்னலைகளை இக்கருவி கொண்டே பதிவு செய்தார்.

லிப்மன் 1883-ஆம் ஆண்டு பாரிசுப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். ஆசிரியர் தேர்வில் தவறியவர் பேராசிரியராய் வீற்றிருந்தது வியத்தற்குரியதன்றோ! ஒளியலைகளைக் கொண்டு வண்ண நிழற்படம் எடுக்கும் முறையையும் அவர் கண்டார். அதற்காக 1908-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 1921-ஆம் ஆண்டு கானடாவிலிருந்து திரும்புங்கால், சூலைத் திங்கள் 13-ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார்.

அவர் விதைத்த வித்து நெடுங்காலத்திற்குப் பின் புதுப் பயன் தந்தது. மின்வாயின்மேல் நேரே வைத்த நீர்த்துளியில் மின்னழுத்தம் மிகுந்தால் நீர் சிதைந்து வளிகளாகப் பிரிந்துவிடும். 1993-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பெர்ழே, மின்வாய்க்கும் துளிக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மெல்லிய படலம் ஒன்றை அமைத்து இவ்விடரை நீக்கினார். அத்தகைய பரப்பின் அடியில் சிறு மின்வாய்கள் வரிசையாக அமைக்கப்படுகின்றன. அடுத்த மின்வாய்க்கு மின்னழுத்தம் ஊட்டினால் துளியின் அப்பக்கம் படர்கின்றது. துளி முழுவதும் அங்கே நகர்கின்றது. இவ்வாறு குருதித் துளிகளையும் மருந்துத் துளிகளையும் குழாயின்றி, விசைப்பொறியின்றிச் செலுத்தவும், பிரிக்கவும், கலக்கவும் இயல்கின்றது. சிறு துளிதானே என்று இகழாது அதன் காரணத்தை நாடிய உள்ளமே இத்துணைப் பயனுக்கும் வித்தாயிற்று.