சர். சி. வி. இராமன் கேட்ட மரத்தின் குரல்

தஞ்சையிலே வீணை செய்வோர் பலாமரத்தையே விரும்பிக் கொள்வர். குடைந்த குடத்தை விரலால் தட்டி, மரம் பேசுகின்றதா என்று செவிசாய்ப்பர். அங்ஙனம் மரத்தின் குரலைக் கேட்பதில் தம் இளமையைச் செலவிட்ட பேரறிஞர் ஒருவர் உளர். அவரே சர். சி. வி. இராமன். ஒளியாராய்ச்சியால் அவரை உலகம் அறியும். ஒலியின்பொருட்டு அவர் உழைத்ததை நம்மில் அறிந்தார் சிலரே.

இவர் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். முன்னோர் தஞ்சை நாட்டில் நிலமுடைய குடியினர். தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், இசையில் ஈடுபாடுடையவர். இராமன் சென்னை இராசதானிக் கல்லூரியில் பயின்று, 1907-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். விஞ்ஞானம் அந்நாளில் சோறு போடாது. ஆதலின் நிதி இலாகாவில் அமர்ந்து கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு, காலையும் இரவும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுச்சாலை. இவ்வாறே பல ஆண்டுகள் கழிந்தன.

செல்லோ முதலிய வில்வாத்தியங்களில் ஏதோ ஒரு சுரம் மட்டும் ஊளையிடுவதுண்டு. மேனாட்டார் அதனை ஓநாய்ச் சுரம் என்பர். இராமன் 1916-இல் அதன் காரணத்தை விளக்கினார். தந்தியின் அதிர்வு பெட்டியின் இயல்பான அதிர்வோடு ஒன்றுபடுங்கால், பெட்டி மிகுதியாக நடுங்கித் தந்தியின் ஆற்றலைப் பறிக்கின்றது. வில் அவ்விழப்பை ஈடுசெய்ய மாட்டாமையால் தந்தி மேல் ஸ்தாயிக்குத் தாவுகின்றது. நடுக்கம் அடங்கியதும் பழைய சுரத்துக்கு மீள்கின்றது. இஃது அடுத்தடுத்து நிகழ்தலே அவ்வூளையாம்.

இதன் உண்மையை நாம் விடுதியிலேயே கண்டோம். ஒலிபெருக்கி ஒன்றுக்கு மெல்லிய பலகையால் பெட்டி செய்தோம். பெட்டியின்றேல், பின்புற அலை முன்புற அலையை அழித்து, தாழ்ந்த ஒலிகளைக் கெடுக்கும். ஆயின் நம் பெட்டியோ ஒரு சுரத்தில் தானும் உடன்பாடத் தொடங்கிற்று! வீணைக் குடம் பாடவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டி வாய்மூடி நிற்கவேண்டும். உள்ளே குறுக்குச் சட்டம் அறைந்த பின்னரே அது ஒருவாறு அடங்கியது.

1917-இல் இராமனுக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஊதியமோ அரசாங்க உத்தியோகத்தினும் மிகக் குறைவு. மேலும் உயரக்கூடிய பதவியை அவர் துறந்தார். இல்லறத்தார் ஒருவருக்கு இஃது எளிய செயலன்று, நாமாயின் தயங்கியிருப்போம்.

பின்னர், வில்லை நிலையாக நிறுத்திப் பிடிலை முன்னும் பின்னும் இயக்கும் பொறியொன்றை அமைத்து ஆராய்ந்தார். வீணையையும் தம்பூரையும் அவர் விடவில்லை. தந்தியின் அசையாப் புள்ளியிலே மீட்டினால், அப்புள்ளிக்குரிய மேற்சுரம் எழலாகாது என்பது விதி. இக்கருவிகளிலோ அஃது எழுந்தது! குதிரையின் மேற்பரப்பு வளைந்திருத்தலே காரணமென 1921-இல் காட்டினார்.

மிருதங்கமே நம் நாட்டார்க்கு இனிய செய்தி. வெறுந்தோல் அதிரும்போது மேலொலிகள் ஒழுங்கான விகிதத்தில் அமையா. வலந்தலையின் நடுவே, சோற்றோடு கிட்டப்பொடி பிசைந்து தேய்க்கும் கரிய பூச்சின் கனத்தால் அவை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக இசைந்து நிற்கின்றன. இதனை 1920-இல் எழுதிய இராமன், பிற்காலத்தில் மீண்டும் விரிவாக ஆராய்ந்தார். பெயரறியாத் தொழிலாளரின் செவி கண்டதை அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

1928-இல் கண்ட ஒளிச்சிதறலும் 1930-இல் பெற்ற நோபல் பரிசும் யாவரும் அறிந்தவை. 1933-இல் பெங்களூர் சென்றார். 1948-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1970 நவம்பர் 21-இல் காலமானார். அந்நிலையத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவாக ஒரு மரம் நடப்பட்டது.