ஆடி வார்த்த வானியலாளர்

நுழையும்முன்

தொலைநோக்கியின் ஆடி பெரிதானால் மிகத் தொலைவிலுள்ள மங்கிய விண்மீனும் புலப்படும். ஆனால், ஆடி பெருகப் பெருக அதன் எடையும் பெருகும். தன் எடையாலேயே அது வளைந்துவிடும். இச்சிக்கலோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஓர் அறிஞரின் வரலாற்றை அறிவோம்.

இசையிலிருந்து வானியலுக்கு

வில்லியம் ஹெர்ஷல் 1738ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை படைப்பிரிவின் இசைக்கலைஞர். 1757இல் இங்கிலாந்துக்குச் சென்ற ஹெர்ஷல், பாத் நகரில் தேவாலய இசைஞராகப் பணியாற்றினார். பகலில் இசை கற்பித்த அவரை இரவு வானம் ஈர்த்தது. பெரிய தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்க இயலாததால், 1773 முதல் தாமே செய்யத் தொடங்கினார்.

அக்காலத்தில் தொலைநோக்கி ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் வார்க்கப்பட்டன. அவ்வுலோகம் கனமானது; எளிதில் உடைவது; விரைவில் மங்குவது. மெருகேற்றும்போது கையை எடுத்தால் ஆடியின் வளைவு பிழைபடும் என்பதால், ஒருமுறை 16 மணிநேரம் இடைவிடாது உழைத்தார். தங்கை கரோலின் அவருக்கு உணவை ஊட்டிவிட்டார். பின்னாளில் கரோலினும் வால்மீன்கள் பலவற்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார்.

1781 மார்ச் 13 அன்று, ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் ஆடி கொண்ட தம் தொலைநோக்கியால் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் பெரிய ஆடி ஒன்றை வார்க்க முயன்றபோது உலை கசிந்தது. உருகிய உலோகம் பாய்ந்து தரைக்கற்கள் வெடித்துச் சிதற, உடனிருந்தோர் உயிர்தப்பி ஓடினர். அவரோ முயற்சியைக் கைவிடவில்லை.

எடையோடு ஒரு போர்

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் நிதியுதவியுடன், ஸ்லௌ என்னும் ஊரில் 40 அடி நீளத் தொலைநோக்கியை 1789இல் அமைத்தார். 1.2 மீட்டர் விட்டமுள்ள முதல் ஆடி மெலிதாக இருந்ததால் வடிவம் குலைந்தது. தடிமனாக வார்த்த இரண்டாம் ஆடியோ ஏறத்தாழ ஒரு டன் எடையுடையது. அது சனிக்கோளின் துணைக்கோள்களைக் காட்டியது. எனினும் விரைவில் மங்கியது. கையாளவும் அரிதாக இருந்ததால், பெரும்பாலான ஆய்வுகளைச் சிறிய 20 அடித் தொலைநோக்கியாலேயே அவர் செய்தார்.

1800இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். வெப்பம் உயர்ந்தது, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் அறியப்பட்டது. அறிவுலகம் போற்ற வாழ்ந்த ஹெர்ஷல் 1822இல் மறைந்தார்.

தொடரும் தேடல்

ஹெர்ஷலை வருத்திய சிக்கலுக்குப் புதிய பொருள்கள் விடையளித்தன. மயிரினும் மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினோடு பிணைத்து உருவாக்கும் கூட்டுப்பொருள் எடை குறைந்தது, எளிதில் வளையாதது. இழைகளை அடுக்கும் திசையை முறைப்படுத்தினால், வெப்பம் மாறினும் அதன் அளவு மிகச் சிறிதே மாறும். 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி, 18 துண்டுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் உள்ள பெரிலிய ஆடியின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம் மட்டுமே. அவற்றைத் தாங்கும் சட்டகம் கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆனது. மைனஸ் 200 டிகிரி செல்சியசுக்கும் கீழான குளிரிலும் வடிவம் குலையாதது. அத்தொலைநோக்கி முதன்மையாகக் காண்பதோ, ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிரையே.

ஒருவர் முடிக்க இயலாது விட்ட பணியை அடுத்த தலைமுறை தொடர்வதே அறிவியலின் இயல்பு. ஹெர்ஷலின் மங்கிய ஆடியும் அத்தொடரில் ஒரு கண்ணியே.