வில்லியம் பூத்தும் பழம்பொருட் கடையும்

காஞ்சிமாநகருக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் அக்கரையில், திருப்பருத்திக்குன்றம் என்னுஞ் சிற்றூர் உளது. ஜினகாஞ்சி என்று அறிஞர் வழங்குவதும் இதனையே. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர மந்திரியாகிய இருகப்பர் 1387 ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களைக் காணவேண்டி, மாணவர் சிலருடன் யாம் ஒருமுறை சென்றிருந்தோம். பெயரிற் பருத்தியைத் தாங்கிய அவ்வூர்ப் பக்கத்தில் இன்று தறிகளில் ஏறுவது பட்டு.

கோயிலினின்று மீளும்போது, பழைய பட்டுப்புடவை வாங்குவோன் ஒருவன் தெருவிற் கூவிக்கொண்டு வந்தான். மூதாட்டி ஒருவர் தம் புடவை ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். அவன் அதன் நிறத்தையும் நோக்கவில்லை. கரையின் வேலைப்பாட்டையும் நோக்கவில்லை. ஜரிகையை நகத்தாற் சுரண்டிப் பார்த்து, நிறுத்து, ஒரு தொகை சொன்னான். அப்புடவை எரிக்கப்பட்டு, ஜரிகையிலுள்ள வெள்ளி மாத்திரம் பிரித்தெடுக்கப்படும். மூதாட்டியார் பணத்தை எண்ணிப் பாராமலே முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே சென்றுவிட்டார். கிழியாத புடவையாயிற்றே, உடுப்பார் ஒருவருக்கு இது சென்று சேர வழியில்லையா என்று மாணவர் ஒருவர் எம்மை வினவினார். அவ்வினாவுக்கு விடையாகவே, இரட்சணிய சேனையை நிறுவிய ஜெனரல் வில்லியம் பூத்தின் சரிதத்தை இங்கு எழுதப் புகுந்தோம். அவரது சமயப் பிரசங்கங்களைப்பற்றி அறிந்தார் பலர். பழந்துணிக்கும் அவருக்கும் உள்ள உறவை அறிந்தார் சிலரே.

பூத் 1829 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10 ஆம் நாள் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரிற் பிறந்தார். தந்தையார் கட்டிட வியாபாரத்திற் பொருளீட்டிப் பின் அனைத்தையும் இழந்தவர். மகனைக் கல்வியறிவிற் சிறந்தவனாக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருந்தது, கையிற் பணமில்லை. ஆகவே பதின்மூன்று வயதிற் சிறுவரை ஓர் அடகுக்கடையில் தொழில் பயில விட்டார். அவ்வாண்டே, அதாவது 1842 இல், தந்தையார் இறந்தார். தாயார் ஏழைகள் வாழும் தெருவொன்றிற் சிறு கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கினார்.

அடகுக்கடையைப்பற்றி இங்குச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். நம் நாட்டில் அடகு என்றால் நகையும் பாத்திரமுமே நினைவுக்கு வரும். அந்நாளைய இங்கிலாந்திலோ துணியே பெரும்பான்மை. ஞாயிறன்று ஆலயத்துக்கு உடுத்த ஒரே நல்ல உடுப்பைத் திங்கட்கிழமை காலையில் மனைவி மூட்டையாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுவருவாள். சனிக்கிழமை கூலி வந்ததும் வட்டி கட்டி மீட்பாள். மறு திங்களில் மீண்டும் வைப்பாள். மிக முட்டுப்பட்டபோது கம்பளியும், காலணியும், கணவனது தொழிற்கருவிகளும், மணமோதிரமும் அவ்வழியே வரும். கருவியை அடகு வைத்தவன் எதைக்கொண்டு உழைத்து அதை மீட்பான்! மீட்கப்படாதவை விற்பனைக்குப் போகும். பூத் ஆறாண்டு அந்தப் பலகையின் உட்புறத்தில் நின்று, அயலார் கண்ணிற் படாமல் வந்து செல்ல விரும்பிய முகங்களைக் கண்டார்.

சனியிரவு வேலை நள்ளிரவைக் கடந்து ஓய்வுநாளுக்குள் நீண்டபோது, அவர் மறுத்து நின்று வேலையை இழந்தார். பின்னர் முதலாளியே திரும்ப அழைத்துக்கொண்டார். பயிற்சி முடிந்து ஓராண்டு வேலையின்றித் திரிந்து, 1849 இல் இலண்டன் சேர்ந்தபோதும், அவருக்கு அகப்பட்டது மற்றோர் அடகுக்கடையே. 1852 ஆம் ஆண்டு தமது இருபத்துமூன்றாம் பிறந்த நாளில் அத்தொழிலை விட்டு முழுநேரப் போதகரானார். பிற்காலத்தில் அவர் இவ்விளமைத் தொழிலைப்பற்றி விரிவாகப் பேச விரும்பியதில்லை. வெறுப்போ, நாணமோ, யாம் அறியோம். பேசாததாலேயே அது அவர் உள்ளத்தினின்று நீங்கிற்று என்று கொள்ளுதல் பொருந்தாது.

நாட்டிங்ஹாமில் நிகழ்ந்த மற்றொன்றும் குறிக்கத்தக்கது. இளைஞர் பூத் சேரியிற் கந்தலுடுத்த சிறுவரைத் திரட்டித் தம் ஆலயத்துக்கு அழைத்துச் சென்று நல்ல இருக்கைகளில் அமர்த்தினார். சபையின் பெரியோர் அதனை விரும்பவில்லை. இனி அவர்கள் பின்வாயில் வழியாக வந்து, பிறர் கண்ணிற் படாத பலகைகளில் அமரவேண்டும் என்று விதித்தனர்.

1855 இல் கதரீன் மம்ஃபர்டு என்னும் நற்குண மங்கையை மணந்ததையும், 1865 இல் கிழக்கு இலண்டனில் கூடாரத்திற் பிரசங்கித்துக் கிறிஸ்தவ மிஷன் ஒன்றைத் தொடங்கியதையும், அது 1878 இல் இரட்சணிய சேனை என்னும் பெயர் பெற்றதையும் நம் மாணவர் வேறு நூல்களிற் படித்திருப்பர். 1882 இல் அச்சேனை பம்பாயில் வந்திறங்கிற்று. அதன் தலைவராகிய பூத் டக்கர் இந்நாட்டிலேயே முங்கேரிற் பிறந்தவர். சிவில் உத்தியோகத்தைத் துறந்து, பக்கீர் சிங் என்று பெயர் புனைந்து, நம்மவர் உடையுடுத்து வெறுங்காலுடன் நடந்தவர். பிற்காலத்தில் இங்குப் பட்டுப்புழு வளர்ப்பையும் கைத்தறியையும் ஊக்குவித்தவரும் அவரே.

நமக்கு வேண்டுவது 1887 ஆம் ஆண்டின் குளிர்காலம். நள்ளிரவுக்குப்பின் இலண்டன் பாலத்தைக் கடந்த பூத், வீடில்லாதார் அப்பாலத்தின் கல்மாடங்களில் முடங்கிக் கிடப்பதைக் கண்டார். மறுநாட் காலையில் தம் மூத்த மகனார் பிராம்வெலிடம் சினந்து, உடனே ஏதாவது செய்யுமாறு பணித்தார். 1888 இல் லைம்ஹௌஸ் பகுதியில் ஓர் உறைவிடம் திறக்கப்பட்டது. அதில் இரவுணவு, படுக்கை, காலையுணவு ஆகியவற்றுக்கு நான்கு பென்ஸ் வாங்கப்பட்டது. ஏழைகளிடம் காசு வாங்கலாமோ என்று வினவுவார்க்கு, அடகுப் பலகையின் அருகில் நின்று பயின்ற ஒருவர் அவ்விதியை ஏற்படுத்தினார் என்பதை நினைவூட்டுவோம். சிறு விலையேனும் கொடுத்தவன் நிமிர்ந்து உள்ளே வருகிறான். குறை கண்டால் கேட்கவும் அவனுக்கு வாயுண்டு.

1890 அக்டோபரில் கதரீன் அம்மையார் புற்றுநோயால் இறந்தார். அம்மாதமே பூத்தின் பெரு நூல், இருள்சூழ்ந்த இங்கிலாந்தைப்பற்றியது, வெளிவந்தது. அதனை எழுதுதற்குப் பத்திரிகாசிரியர் ஸ்டெட் துணைபுரிந்தார். நாட்டில் பத்தில் ஒரு பங்கினர், ஏறத்தாழ முப்பது லட்சம் பேர், வறுமையில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று அந்நூல் கணக்கிட்டது. இலண்டனில் வண்டிக்குதிரை விழுந்தால் எழுப்பிவிடுவார் உளர். அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் உண்டு. மனிதனுக்கு அவ்வளவேனும் வேண்டாமா என்பது அவரது வாதம்.

அந்நூலிற் காணப்படும் திட்டங்களுள் ஒன்றே நாம் தேடி வந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பையோ தொட்டியோ கொடுத்துவிட வேண்டும். வேலையற்றார் சீருடை அணிந்து, தள்ளுவண்டியுடன், குறித்த நாளிற் சென்று, பழந்துணி, தேய்ந்த காலணி, புட்டி, தகரக்குவளை, செய்தித்தாள், மிஞ்சிய உணவு ஆகிய அனைத்தையும் திரட்ட வேண்டும். பட்டறையில் அவற்றைத் தரம்பிரித்து, செப்பனிட்டு, ஏழைகளுக்குக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். சேகரிப்பவனுக்குக் கூலி, செப்பனிடுபவனுக்குத் தொழில், வாங்குபவனுக்கு உடை. ஒரு காலத்தில் ஏழையின் மூட்டையைப் பலகைக்கு இப்புறம் இழுத்தவர், முதுமையில், செல்வர் வீட்டு மூட்டையை அப்புறம் தள்ள முனைந்தார். ஏழைகளின் வங்கி என்ற மற்றொரு திட்டமும் அதே நூலில் உள்ளமை கருதத்தக்கது.

1891 இல் தேம்ஸ் நதிக்கரையில் பாட்டர்சீயில் இதற்கெனத் துறை ஒன்று தொடங்கப்பெற்றது. திட்டங்கள் அனைத்துக்குமாகப் பூத் வேண்டிய ஒரு லட்சம் பவுன் விரைவிற் சேர்ந்தது. ஆயினும் இலண்டன் முழுவதையும் வீடு வீடாகத் தழுவும் பெருங்கனவு, அவர் வரைந்த அளவில் நிறைவேறவில்லை. எதிர்ப்பும் குறைவன்று. விஞ்ஞானியாகிய ஹக்ஸ்லி டைம்ஸ் பத்திரிகையில் வன்மையாகத் தாக்கினார். ஒருவர் கையில் இத்துணை அதிகாரமும் பணமும் சேர்வது தீது என்றார். ஹான்பரி வீதித் தச்சுப் பட்டறையில் தொழிற்சங்கக் கூலியினும் குறைவாகக் கொடுக்கப்படுகிறது என்று தச்சர் சங்கத்தார் பின்னாளிற் பல ஆண்டு முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயமில்லை என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

வித்து வேறு நிலத்தில் முளைத்தது. 1897 இல் நியூயார்க்கில், சேனையின் உறைவிடம் ஒன்றின் நிலவறையில், அங்குத் தங்கியோர் தள்ளுவண்டியிற் சென்று பழந்துணி திரட்டிச் செப்பனிடலாயினர். அந்நாளில் அமெரிக்கச் சேனைக்குத் தலைவர் நம் பூத் டக்கரே. பாஸ்டன் நகரில் ஹெல்ம்ஸ் என்னும் போதகர் 1902 அளவில் இதே முறையைக் கையாண்டு தனி ஸ்தாபனம் கண்டார். 1940 களின் இறுதியில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பிராடு வீதியில் ஆக்ஸ்பாம் கடை திறந்தது. இன்று மேனாட்டு நகரங்களில் இத்தகைய கடை இல்லாத கடைவீதி அரிது.

வெளிநாடு சென்ற எம் பழைய மாணவர் விடுமுறையில் வரும்போது இக்கடைகளைப்பற்றியே ஆர்வத்துடன் பேசக் கேட்டிருக்கிறோம். முதற் குளிர்காலத்தில் சொற்ப விலைக்கு ஒரு கம்பளிச் சட்டையை அங்கு வாங்கி, ஊதியம் உயர்ந்தபின் அதையே துவைத்து மடித்து அக்கடைக்கே கொடுத்துவந்தவர் ஒருவர். எது கிடைக்கும் என்றறியாமல் நுழைவதே இன்பம் என்பார் அவர். சென்னை மூர் மார்க்கெட்டில், 1985 இல் அது தீக்கிரையாகுமுன், பழம் புத்தகக் குவியலைக் கிளறியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முதற்பக்கத்தில் யாரோ ஒருவர் பெயரெழுதிய அகராதி நம் கைக்கு வரும்போது, நாமும் அதன் கீழ்ப் பெயரெழுதத் தயங்குவதில்லை. கொடுப்பதிலும் தனிச் சுவை உண்டு. அலமாரியில் மடிந்து கிடந்தது மற்றொருவர் தோளில் ஏறித் தெருவில் நடக்கும் என்ற நினைவு, வெறும் பணங் கொடுத்தவர்க்குக் கிட்டுவதன்று. பொத்தானறுந்த சட்டையைத் தருமம் என்று தள்ளுவோர்க்கும் அது கிட்டாது என்பதை இடையிற் சொல்லி வைக்கிறோம்.

பூத் 1891-92 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சென்றார். 1907 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. படிக்க வசதியின்றி அடகுக்கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. இறுதியிற் கண்ணொளி இழந்தார். 1912 ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 இல் உயிர் நீத்தார். கிளாப்டன் மண்டபத்தில் வைக்கப்பட்ட அவர் உடலை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வரிசையிற் சென்று கண்டனர். ஒலிம்பியா மண்டபத்தில் நடந்த ஆராதனைக்கு மேரி மகாராணியார் முன்னறிவிப்பின்றி வந்து, பொதுமக்களிடையே ஓரிருக்கையில் அமர்ந்திருந்தார்.

திருப்பருத்திக்குன்றத்தில் எம்மை வினவிய மாணவர் இவ்வாண்டு தம் வீட்டிலிருந்து இரண்டு பட்டுப்புடவைகளைக் கொணர்ந்தார். பாட்டியார் கொடுத்தனுப்பியவை; ஒன்றின் கரை சிறிது நைந்திருந்தது. அதனை இழைத்துச் சேர்க்க வல்லார் அத்தறித் தெருவிலேயே உளர் என்று கூறி, மறுநாளே எடுத்துச் சென்றிருக்கிறார்.