வெந்த கை செதுக்கிய வியாகுலத் தாய்

தவழும் குழந்தை உள்ள வீட்டில் அடுப்பு எரியும்போது தாய்மார்கள் கண்ணை எடுப்பதில்லை. ஒரு நொடி போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1558ஆம் ஆண்டு பிறந்த ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ், ஏறக்குறைய ஒரு வயதில் தவறி நெருப்பில் விழுந்தார். இரு கைகளும் வெந்தன. புண் ஆறியபோது வலது கையின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அந்தக் கையை அவர் வாழ்நாளில் முழுமையாக விரிக்கவே இல்லை.

ஆனாலும் அவர் தேர்ந்துகொண்டது செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழில். உளியின் குமிழை உள்ளங்கையில் பதித்து, தகட்டின்மீது தள்ளித் தள்ளிக் கோடு இழுக்க வேண்டும். விரலின் நளினத்தைவிட தோளிலிருந்து இறங்கும் பலமே இதற்குத் தேவை. மடங்கிய கை உளியை இறுகப் பற்றிக்கொண்டது! 1588இல் அந்தக் கையையே, கோணல் விரல்களை மறைக்காமல், மையால் வரைந்தார். ஹாலந்தின் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம்.

1577இல் அவர் அந்நகரில் குடியேறினார். அடுத்த ஆண்டே, நற்கருணைத் திருவிழா நாளில், படைவீரர்கள் புனித பாவோ ஆலயத்தில் புகுந்து சூறையாடினார்கள். ஒரு குரு கொல்லப்பட்டார். ஆலயம் கத்தோலிக்கர் கையைவிட்டுப் போனது. மறைந்து செபிக்கும் காலம் தொடங்கியது.

கோல்ட்சியுஸின் உடலும் தளர்ந்தது. சில ஆண்டுகள் இரத்தமாகத் துப்பினார். மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், 1590இன் இறுதியில் இத்தாலிக்குப் புறப்பட்டார். அப்போது உரோமையில் கடும் பஞ்சம். மக்கள் தெருக்களிலேயே மடிந்தார்கள். அவரோ பழங்காலச் சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். இது நமக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்கள் சிலைகளை மட்டுமா கண்டிருக்கும்?

திரும்பி வந்தபின், 1593-94இல், அன்னை மரியாவின் வாழ்வை ஆறு படங்களாகச் செதுக்கினார். அவற்றுள் குழந்தை இயேசுவின் விருத்தசேதனம் எருசலேமில் நடப்பதாக இல்லை. பறிபோன அந்தப் புனித பாவோ ஆலயத்திலேயே நடக்கிறது. பின்னால் நிற்பவர்களுள் கோல்ட்சியுஸும் ஒருவராக நிற்கிறார்.

1596இல் வந்தது வியாகுல அன்னை. புனித பேதுரு பேராலயத்தில் மைக்கலாஞ்சலோ பளிங்கில் வடித்த அதே காட்சி, இங்கே ஒரு செபப்புத்தகத்தின் பக்க அளவே உள்ள காகிதத்தில். பேராலயத்துக்குப் போக முடியாத ஒருவர் தன் வீட்டில், மடியில் வைத்துப் பார்க்கலாம். இறந்த மகனை மடியில் ஏந்தியிருக்கிறாள் தாய். கதவை அடைத்துக்கொண்டு செபித்த ஹார்லெம் வீடுகளில், பிள்ளையை இழந்த எத்தனை தாய்மாருக்கு அந்தச் சிறு காகிதம் துணையாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

1600ஆம் ஆண்டளவில் உளியை வைத்துவிட்டு, அதே கையால் தூரிகையை எடுத்தார். 1617 ஜனவரி முதல் நாள் ஹார்லெமில் காலமானார். அக்காலத் திருவழிபாட்டு நாள்காட்டியில் அது ஆண்டவரின் விருத்தசேதனத் திருநாள்.