புத்தகம் இல்லாமல் செஸ் ஆடிய காகித இயந்திரம்!

குட்டீஸ், கம்ப்யூட்டரோடு செஸ் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? பல செஸ் புரோகிராம்கள் முதல் ஏழெட்டு முறை கண் இமைக்கும் நேரத்தில் காய்களை நகர்த்திவிடும். அதன் பிறகுதான் கொஞ்சம் தாமதிக்கும். ஏன் தெரியுமா? தொடக்கத்தில் அவை யோசிப்பதே இல்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கின்றன! அந்த மனப்பாடத்துக்குத் 'தொடக்கப் புத்தகம்' என்று பெயர்.

ஆனால், உலகில் முதன்முதலாக எழுதப்பட்ட செஸ் புரோகிராம்களில் ஒன்றுக்கு அப்படி எந்தப் புத்தகமும் கிடையாது. அதை ஓட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை! அதை உருவாக்கியவர்தான் ஆலன் டூரிங். இங்கிலாந்துக்காரர் என்றாலும், நம் ஊர்ப் பக்கம் செல்லும் ரயில் பாதையோடு அவர் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ம் ஆண்டு, சென்னை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு அந்தப் பாதை ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போத்தனூரைத் தாண்டிச் சென்றது. அந்த மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்ட் ஸ்டோனி. மின்விசிறி இல்லாத அந்தக் காலத்தில், சத்தம் போடாமல் பங்காவை இழுக்கும் சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்தார். அவருடைய மகள் சாரா, 1881ம் ஆண்டு போத்தனூரில் பிறந்தார். சாராவின் இளைய மகன்தான் ஆலன். தாத்தாவின் கண்டுபிடிப்பு மூளை பேரனுக்கும் வந்துவிட்டது போலும்!

ஆலன் 1912ம் ஆண்டு, ஜூன் 23ல் லண்டனில் பிறந்தார். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ்., அதிகாரி. பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்ப, ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தனர். அம்மா, அப்பாவைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

1926ம் ஆண்டு, 13 வயது ஆலன் புதிய பள்ளியில் சேரக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து நாடு முழுவதும் வேலைநிறுத்தம்; ரயில்கள் ஓடவில்லை. பையன் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளை எடுத்தார். சுமார் 100 கிலோமீட்டர் மிதித்து, வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். வேலூரில் இருந்து ஆம்பூர் போய்த் திரும்பும் தூரம் அது!

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஆலன், 1936ம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எழுதித் தரும் விதிகளை அப்படியே பின்பற்றி எந்தக் கணக்கையும் செய்யும் ஒரே இயந்திரத்தை அதில் கற்பனை செய்தார். இன்று உங்கள் பள்ளியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அதுதான் விதை. அப்போது அவருக்கு 23 வயதுதான்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மானிய ராணுவம் 'எனிக்மா' என்ற இயந்திரத்தால் செய்திகளைப் புரியாத எழுத்துக்களாக மாற்றி அனுப்பியது. அதை உடைக்க, பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் கணித மேதைகளும் செஸ் வீரர்களும் ரகசியமாகக் கூடினர். போலந்து நாட்டு மேதைகள் முன்பே காட்டியிருந்த வழியில் இருந்து மேலே சென்று, ஆலன் ஒரு புதிய இயந்திரத்தை வடிவமைத்தார். கோடானுகோடி வாய்ப்புகளில் பொருந்தாதவற்றை அது சரசரவென்று தள்ளிவிடும். எதிரியின் திட்டங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

போர் முடிந்த பின், இயந்திரத்துக்கு யோசிக்கக் கற்றுத்தர முடியுமா என்ற கேள்வி ஆலனைப் பிடித்துக் கொண்டது. 1948ம் ஆண்டு, நண்பர் சாம்பர்னோனுடன் சேர்ந்து செஸ் ஆடும் விதிகளை எழுதினார். சிப்பாய்க்கு 1 மதிப்பெண், குதிரைக்கு 3, மந்திரிக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10. தன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிராளி என்ன பதில் தருவார் என்று பார்த்து, மதிப்பெண் கூடுதலாக வருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்க கம்ப்யூட்டர் இல்லையே? ஆலன் தானே கம்ப்யூட்டர் ஆனார்! 1952ம் ஆண்டு, அலிக் கிளென்னி என்பவருக்கு எதிராக, காகிதத்தில் இருந்த விதிகளைப் பார்த்துப் பார்த்து, பென்சிலால் கணக்குப் போட்டு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் ஆனது.

அந்தக் காகித இயந்திரம், 7வது நகர்த்தலில் ஓர் ஓரத்துச் சிப்பாயையும், 8வதில் இன்னோர் ஓரத்துச் சிப்பாயையும் முன்னே தள்ளியது. தொடக்கத்தில் குதிரை, மந்திரிகளை வெளியே கொண்டு வந்து ராஜாவைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பல தலைமுறை வீரர்கள் தோற்றுத் தோற்றுக் கற்ற பாடம் அது. பாவம், அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்? 29வது நகர்த்தலில் ராணி மாட்டிக்கொள்ள, தோல்வியை ஒப்புக்கொண்டது.

அதே 1952ம் ஆண்டு, ஆலனின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அவர் ஓர் ஆணை நேசித்தார். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் அது குற்றம். சிறைக்குப் பதிலாக, உடலைப் பாதிக்கும் மருந்தை ஓராண்டு ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது. அரசின் ரகசியப் பணிகளும் பறிபோயின. போரில் அவர் செய்த சேவை ரகசியமாகவே இருந்ததால், ஊருக்கு அது தெரியவில்லை. 1954ம் ஆண்டு, ஜூன் 7ல், 42வது பிறந்தநாளுக்கு 16 நாட்கள் இருக்கும்போது காலமானார். 1959ம் ஆண்டு, மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார், போத்தனூரில் பிறந்த அந்தத் தாய்.

அவருக்குப் பின் வந்தவர்கள், இயந்திரத்துக்குத் தொடக்கப் புத்தகத்தைக் கொடுத்தனர். அது எப்படி வேலை செய்கிறது? பலகையில் காய்கள் நிற்கும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நீளமான எண் உண்டு. இந்த முறையை 1970ம் ஆண்டு வகுத்தவர் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட். எந்த வரிசையில் ஆடி அந்த நிலைக்கு வந்தாலும் எண் ஒன்றுதான். புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினால், அங்கே ஆடத்தக்க நகர்த்தல்களும், ஒவ்வொன்றுக்கும் ஓர் 'எடை'யும் இருக்கும்.

குடவோலை முறையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடத்தில் 100 ஓலைகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ராஜா முன் நிற்கும் சிப்பாய்க்கு 50 ஓலை, ராணி முன் நிற்கும் சிப்பாய்க்கு 35, குதிரைக்கு 15. கம்ப்யூட்டர் கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். நல்ல நகர்த்தலுக்கு ஓலை அதிகம் என்பதால், அது வரவே வாய்ப்பு அதிகம். எப்போதும் ஒன்றையே ஆடினால், எதிராளி காத்திருந்து பொறி வைப்பார் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் குடம்!

எண் புத்தகத்தில் இல்லையென்றால்? அங்கிருந்து சொந்தமாகக் கணக்குப் போட வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தோல் வெட்டுபவரும் இப்படித்தான். வெட்ட வேண்டிய வடிவம் தயாராகக் கையில் இருக்கும். ஆனால், எந்தத் தோலில் எங்கே தழும்பு, எங்கே கீறல் என்பதை அவரே பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

1997ம் ஆண்டு, உலக சாம்பியன் காஸ்பரோவை 'டீப் புளூ' கம்ப்யூட்டர் வென்றது. கடைசி ஆட்டத்தில் அது குதிரையைப் பலி கொடுத்த அதிரடி நகர்த்தல், தொடக்கப் புத்தகத்தில் இருந்து வந்தது! 2012ம் ஆண்டு, டூரிங் நூற்றாண்டில், அதே காஸ்பரோவ் டூரிங்கின் பழைய புரோகிராமோடு ஆடி, 16 நகர்த்தல்களில் வென்றார். அறுபது ஆண்டுக்கு முந்தைய காகிதத்துக்கு எவ்வளவு பெரிய மரியாதை!

ஆலனுக்கும் மரியாதை தாமதமாக வந்தது. 2009ம் ஆண்டு இங்கிலாந்து பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013ம் ஆண்டு, அவர் மீதான தண்டனையை ராணி நீக்கினார். 2021ம் ஆண்டு, அவர் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளியானது.

குட்டீஸ், நீங்களும் ஒரு தொடக்கப் புத்தகம் தயாரிக்கலாமே! ஒரு நோட்டில், நீங்கள் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தின் முதல் ஐந்து நகர்த்தல்களை எழுதுங்கள். ஜெயித்தால் ஓர் ஓலை கூட்டுங்கள். தோற்றால் ஒன்றைக் குறையுங்கள். ஆறாவது நகர்த்தல் வந்ததும் நோட்டை மூடி வையுங்கள். அதற்கு மேல், ஆலன் டூரிங்கைப் போல நீங்களே யோசித்தாக வேண்டும்!