இந்தியாவின் அங்கத்தினர் சார்லஸ் பிராட்லா

பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தியாவுக்கென்று ஓர் ஆசனமும் ஒருகாலத்தும் ஒதுக்கப்பட்டதில்லை. கோடிக்கணக்கான இந்திய ஜனங்களின் தலைவிதியை நிர்ணயித்த அந்தச் சபையில், அவர்களுக்காக வாய் திறக்கவேண்டிய கடமை எவருக்கும் சட்டப்படி இருக்கவில்லை. ஆயினும் 'இந்தியாவின் அங்கத்தினர்' என்றதொரு பட்டம் அங்கே வழங்கிற்று. 1884-ல் காலஞ்சென்ற ஹென்றி பாஸெட் அப்பட்டத்தைப் பெற்றிருந்தார். அவருக்குப்பின் அது நார்தாம்டன் தொகுதியின் பிரதிநிதி சார்லஸ் பிராட்லாவைச் சேர்ந்தது. தமது சொந்த ஆசனத்தில் அமர்வதற்கே ஆறு வருஷ காலம் போராட நேர்ந்தவர் அவர். அப்போராட்டத்தை அறிந்தாலன்றி, அவர் நம் நாட்டிற்குச் செய்த தொண்டின் தன்மை விளங்காது.

பிராட்லா 1833-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில், ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தார். பதினோராம் வயதிலேயே பள்ளிப் படிப்பு முடிந்தது. சிறு பிராயத்தில் மாதாகோவிலின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் போதித்து வந்தார். வேதப் புஸ்தகத்திற்கும் மாதாகோவிலின் கொள்கைகளுக்கும் முரண்பாடு இருப்பதாகத் தோன்றவே, பாதிரியாரிடம் விளக்கம் கேட்டார். கேட்ட குற்றத்திற்காக நாஸ்திகர் என்று பெயர் சூட்டப்பெற்று, வேலையையும் பெற்றோரின் வீட்டையும் இழந்தார். வறுமை தாங்காமல் 1850-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகலாம் என்பது அவர் எண்ணம். கிடைத்ததோ அயர்லாந்து வாசம். மூன்று வருஷத்திற்குப் பின் உறவினரின் ஆஸ்தியில் கிடைத்த சிறு பணத்தைக் கட்டி விடுதலை பெற்று, லண்டனில் வக்கீல் குமாஸ்தாவாக அமர்ந்தார். பட்டம் பெறாத அம்மனிதர் அங்கே கற்ற சட்டஞானம், பின்னாளில் அரசாங்க வக்கீல்களையே திணற அடித்தது.

அவர் நடத்திய 'நேஷனல் ரிபார்மர்' பத்திரிகையின் கதை பத்திரிகை உலகத்தார் யாவரும் அறியத்தக்கது. ராஜத் துரோகமும் தெய்வ நிந்தனையும் எழுதமாட்டோம் என்பதற்குப் பத்திரிகைகள் ஜாமீன் கட்டவேண்டுமென்று ஒரு பழைய சட்டம் இங்கிலாந்தில் இருந்தது. 1868-ல் சர்க்கார் அதைத் தூசிதட்டி எடுத்துப் பிராட்லாவின்மேல் ஏவினர். அவர் ஜாமீன் கட்ட மறுத்ததோடு, சர்க்காரை மீறி வெளியிடப்படுவதாகப் பத்திரிகையின் முகப்பிலேயே அச்சிட்டார். நியாயஸ்தலத்தில் தமக்குத் தாமே வாதாடினார். மறுவருஷமே அச்சட்டம் ரத்தாயிற்று. தம் நாட்டில் 1869-ல் குழிதோண்டிப் புதைத்த ஜாமீன் முறையை, 1910-ம் வருஷப் பத்திரிகைச் சட்டத்தின் மூலம் இந்தியப் பத்திரிகைகளின் தலையில் ஏற்றியவர்களும் பிரிட்டிஷ் ஆட்சியாளரே என்பதை வாசகர்கள் நினைவுகூர்க.

பிற்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்து 1917-ல் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்த அன்னி பெஸண்ட் அம்மையார், பொதுவாழ்வில் பயிற்சி பெற்றது பிராட்லாவின் பக்கத்தில்தான். கர்ப்பத்தடை பற்றிய புஸ்தகமொன்றைப் பிரசுரித்ததற்காக 1877-ல் இருவர்மீதும் வழக்கு நடந்தது. விதிக்கப்பட்ட தண்டனை அப்பீலில் தள்ளுபடியாயிற்று.

நார்தாம்டன் செருப்புத் தொழிலாளர் நிறைந்த பட்டணம். அங்கே மூன்று முறை தோற்று, 1880-ல் பிராட்லா வெற்றி பெற்றார். சபையில் அமருமுன் கடவுள் பேரால் பிரமாணம் செய்யவேண்டும் என்பது விதி. அதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு அவர் கேட்டார், சபை மறுத்தது. அங்ஙனமாயின் பிரமாணமே செய்கிறேன் என்றார். நாஸ்திகனுக்குப் பிரமாணம் ஏது என்று அதையும் மறுத்தது. நம்பாத பிரமாணத்தைச் செய்ய முன்வந்தது தகுமா என்று நண்பர்களிலும் சிலர் குறைகூறினர். அக்குறை முற்றிலும் ஆதாரமற்றதென்று நாம் சொல்லோம். ஆயினும் தொகுதியின் தீர்ப்பு தமது தனி அபிப்பிராயத்தைவிடப் பெரிது என்று அவர் கருதினார் என்பதையும் மறத்தலாகாது.

அதன்பின் நடந்தவை அச்சபைக்குப் பெருமை தருவன அல்ல. 1880 ஜூன் 23-ந் தேதி சபையை விட்டு வெளியேற மறுத்ததற்காக மணிக்கூண்டில் காவலில் வைக்கப்பட்டார். நியாயஸ்தலத்தின் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார். 1881 ஆகஸ்டு 3-ந் தேதி, உள்ளே நுழைய முயன்றவரைச் சேவகரும் போலீஸாரும் சட்டை கிழியப் படிக்கட்டில் இழுத்துச் சென்று வெளியே தள்ளினர். 1881, 1882, 1884 ஆகிய மூன்று உபதேர்தல்களிலும் நார்தாம்டன் வாசிகள் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். உறுதிமொழி மசோதா 1883-ல் மூன்றே வோட்டுகளில் தோற்றது. கத்தோலிக்கரை 1829 வரையிலும் யூதரை 1858 வரையிலும் வெளியே நிறுத்திய வாசற்படி அது. தாங்கள் நின்ற இடத்தையே மறந்தவர்களாய், கத்தோலிக்க அயர்லாந்துப் பிரதிநிதிகளில் பலரும் பிராட்லாவுக்கு விரோதமாக வோட்டளித்தனர். கடைசியாக 1886 ஜனவரியில், புதிய பார்லிமெண்டின் சபாநாயகர் பீல், எவருடைய ஆட்சேபத்துக்கும் செவிகொடாமல் அவரைப் பிரமாணம் செய்ய விட்டார். இரண்டே வருஷத்தில், பிரமாணத்திற்குப் பதில் உறுதிமொழி கூறும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கும் சட்டத்தைப் பிராட்லாவே நிறைவேற்றி வைத்தார்.

இவ்வாறு பெற்ற ஆசனத்தை அவர் யாருக்காகப் பயன்படுத்தினார்? தமக்கு ஒரு வோட்டும் தர இயலாத இந்தியருக்காக. தேக அசௌக்கியத்தால் கடற்பிரயாணம் மேற்கொண்ட அவர், 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரஸுக்கு வந்தார். ஸர் வில்லியம் வெட்டர்பர்ன் தலைமையில் கூடிய அந்த மகாசபைக்கு, வருஷத்தின் எண்ணுக்கொப்ப 1889 பிரதிநிதிகள் வந்திருந்தனர். சட்டசபைகளில் தேர்தல் முறை வேண்டுமென்ற காங்கிரஸின் கோரிக்கையை ஏற்றுத் திரும்பி, 1890-ல் காமன்ஸ் சபையில் மசோதா கொண்டுவந்தார். அவ்வருஷமே காஷ்மீர் மகாராஜாவின் அதிகாரம் பறிக்கப்பட்ட விஷயத்தையும் கிளப்பினார். அவருடைய மசோதா நிறைவேறவில்லை. 1892-ல் சர்க்கார் இயற்றிய இந்தியக் கவுன்சில் சட்டத்தில் தேர்தல் என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்தக் குறுகிய கதவும் திறந்ததற்குப் பிராட்லாவின் தட்டுதலும் ஒரு காரணமாகும்.

1891 ஜனவரி 27-ந் தேதி, 1880-ல் அவரைத் தடுத்து நிறைவேற்றிய தீர்மானத்தைக் காமன்ஸ் சபை தன் குறிப்புகளிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அறியும் நிலையில் அவர் இல்லை; நினைவிழந்து கிடந்தார். 30-ந் தேதி உயிர் பிரிந்தது. புரூக்வுட் மயானத்தில் சடங்கும் பிரசங்கமுமின்றி அவரை அடக்கம் செய்தபோது, லண்டன்வாழ் இந்தியர் திரளாக வந்திருந்தனர். அவர்களுள் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் இருபத்தொரு வயது இளைஞரும் இருந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. லாகூரில் 1900-ல் எழுந்த பிராட்லா மண்டபம், பஞ்சாப் தேசீயவாதிகள் கூடும் இடமாயிற்று.

ஜனங்கள் தேர்ந்தெடுத்தவரைச் சபை விலக்குவது அநீதியென்றால், ஒரு தேசத்தையே சபைகளுக்கு வெளியே நிறுத்துவது அதனினும் பெரிய அநீதி. முதல் அநீதியைத் தம் உடம்பில் அனுபவித்தவருக்கு இரண்டாவதைக் காணக் கண் இருந்தது. இன்று நம் அரசியல் சட்டப்படி, சட்டசபைக்குச் செல்லும் அங்கத்தினர் கடவுள் பேரால் ஆணையிடலாம். அல்லது மனமார உறுதி கூறலாம். இரண்டில் எதைச் சொன்னாலும், அங்கே நிற்கும் உரிமை தமக்குத் தொகுதி மக்கள் தந்ததே என்பதை மறவாதிருப்பதே பிராட்லாவுக்கு அவர் செய்யும் மரியாதையாகும்.