உப்பு வரிக்குக் கணக்குக் கேட்ட வாத்தியார்

தாதர் மேற்கில் இறங்கி வேலைக்குப் போகிற நம்மவர்கள் கோகலே சாலையைக் கடக்காத நாள் கிடையாது. அந்தேரியில் அவர் பெயரால் ஒரு பாலமும் உண்டு. காந்தியடிகள் தம் அரசியல் குருவாக மதித்தவர் கோபால கிருஷ்ண கோகலே என்ற அளவில் நாம் அறிவோம். ஆனால், வரி போடும் சர்க்காரிடம் வரவு செலவுக் கணக்கைக் கேட்க வேண்டும், அதையும் புள்ளி விவரத்தோடு கேட்க வேண்டும் என்று நாட்டுக்குக் காட்டியவர் அவர். அந்தக் கதைதான் மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு அதிகம் வேண்டியது.

15 ரூபாயில் 8 ரூபாய்

கோகலே 1866 மே 9ஆம் தேதி ரத்னகிரி மாவட்டத்தில் கோத்லுக் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கோலாப்பூரை அடுத்த காகல் சமஸ்தானத்தில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். 1879இல் அவர் காலமானபோது கோபாலுக்கு வயது 13. அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த 15 ரூபாயில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு மாதாமாதம் அனுப்பினார். மீதி 7 ரூபாயில் குடும்பம் நடந்தது. சம்பளம் வாங்கிய கையோடு ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணனின் பணத்தை வீணாக்காமல் தம்பி படித்தார். 1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். நல்ல உத்தியோகம் தேடிக்கொள்ளக்கூடிய படிப்பு அது. அவரோ புனாவில் ஆசிரியராகி, பிறகு பெர்குசன் கல்லூரியில் குறைந்த சம்பளத்தில் நீண்ட காலம் உழைப்பதாக உறுதி எடுத்துக்கொண்டார். கணக்குப் பாடம் நடத்தினார், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகமும் எழுதினார். நீதிபதி ரானடேயிடம் சர்க்கார் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கற்றார். 1897இல், 30 வயதில், இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் லண்டனில் சாட்சியம் அளித்தார்.

உபரி வந்தது எப்படி?

1902 மார்ச் 26ஆம் தேதி கல்கத்தாவில் வைசிராய் கர்சன் பிரபு தலைமையில் மத்திய சட்டசபை கூடியது. பட்ஜெட்டைப் பற்றி உறுப்பினர்கள் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. அதுதான் அன்றைய சட்டம். சுமார் 7 கோடி ரூபாய் உபரி என்று நிதி இலாகா அறிவித்திருந்தது. அதற்காகச் சர்க்காரைப் பாராட்டக் கோகலே மறுத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. இந்தியா ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் பவுனில் பணம் செலுத்த வேண்டியிருந்தது. ரூபாயின் மதிப்பு 13 பென்னியாக விழுந்த காலத்தில் ஒரு பவுனுக்கு 18 ரூபாய்க்கு மேல் தேவைப்பட்டது. மதிப்பு 16 பென்னியாக உயர்ந்த பிறகு 15 ரூபாய் போதும். மதிப்பு சரிந்து வந்த காலத்தில் 1886இல் வருமான வரி வந்தது. 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய் ஆயிற்று. நெருக்கடி தீர்ந்த பிறகும் சர்க்கார் அந்த வரிகளை எடுக்கவில்லை. ஆகவே இந்த உபரி நாட்டின் செழிப்பு அல்ல, ஜனங்களிடம் அளவுக்கு மேல் வாங்கிய பணம் என்று அவர் வாதிட்டார். 1896லும் 1899லும் தொடங்கிய இரண்டு பெரும் பஞ்சங்கள் தேசத்தை வாட்டியிருந்த நேரம் அது.

ஓட்டு இல்லாத சபையில் பேச்சுக்குப் பலன் உண்டா என்று கேட்கலாம். 1903இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயாயிற்று. 1905இல் ஒன்றரை ரூபாய், 1907இல் 1 ரூபாய். வருமான வரி விலக்கு வரம்பு 1903இல் ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. மாதம் 83 ரூபாய் வரை வாங்கிய குமாஸ்தாக்கள் வரியிலிருந்து தப்பினார்கள். கோகலே ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. காங்கிரசும் பத்திரிகைகளும் முன்பிருந்தே கேட்டுவந்தவைதான். சர்க்கார் மறுக்க முடியாத கணக்கோடு கேட்டவர் அவர்.

வரி கேட்ட கோகலே

வரியைக் குறை, செலவைக் குறை என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ராணுவச் செலவைக் குறைக்கச் சொன்னார். உபரிப் பணத்தை ரயில் பாதை போடுவதில் கொட்டுவதைவிடப் பள்ளிக்கும் சுகாதாரத்துக்கும் கொடுங்கள் என்றார். ரயில்வே சம்பளம் வாங்கும் என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் கோடிக்கணக்கில் இருந்த நாட்டில் அவர் கேட்டது நியாயமே.

1911 மார்ச்சில் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் சர்க்கார் அனுமதியோடு கல்விக்கென்று தனி வரி போடலாம், மாதம் 10 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிக்கும் பெற்றோரின் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது என்று அதில் எழுதினார். உப்புக்கு வரி கூடாது என்று போராடியவரே பள்ளிக்கு வரி போடச் சொன்னார். இதில் முரண்பாடு இல்லை. யாரிடம் வாங்குகிறோம், எதற்குச் செலவிடுகிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் அவர் சேர்த்தே கேட்டார்.

சர்க்கார் பணமில்லை என்றது. நிலச்சுவான்தார்களும் எதிர்த்தார்கள். 1912 மார்ச்சில் 13 ஓட்டுக்கு எதிராக 38 ஓட்டில் மசோதா தோற்றது.

பின்னால் நடந்தவை

ஓயாத வேலையால் உடல் நலிந்து, 1915 பிப்ரவரி 19ஆம் தேதி புனாவில் கோகலே காலமானார். வயது 48. அவர் 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அடுத்த தலைவராக வந்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். சென்னை திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டுக் கோகலேயிடம் சேர்ந்தவர்.

உப்பு வரி 1923இல் சட்டசபையை மீறி மறுபடி இரண்டரை ரூபாயாக ஏறி, மறு ஆண்டு இறங்கி, 1947இல் ஒழிந்தது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. மசோதா தோற்று 98 ஆண்டுகள் கழித்து!

பட்ஜெட் வந்த மறுநாள் காலையில் எது விலை ஏறும், எது இறங்கும் என்று மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கிறோம். அடுத்த முறை செலவுப் பக்கத்தையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அதில் எவ்வளவு என்று தேடுங்கள். 15 ரூபாயில் 8 ரூபாயைப் படிப்புக்கு ஒதுக்கிய வீட்டில் வளர்ந்தவர் அதைத்தான் முதலில் தேடியிருப்பார்.